இரண்டாம் வருஷத்துச் செலவு

அறக்கட்டளை என்ற சொல்லை நாம் மிகவும் சுலபமாக உச்சரித்துவிடுகிறோம். பெயர்ப் பலகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் கல்யாண மண்டபத்து வாசலிலும் பார்த்துப் பார்த்து அது பழகிப் போய்விட்டது. ஆனால் அந்தச் சொல்லைச் சற்றே நிறுத்தி, இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அறம் ஒரு பக்கம். கட்டளை ஒரு பக்கம். தருமம் செய்கிறவன் மனம் இரங்கிச் செய்கிறான். கட்டளை இடுகிறவனோ, 'இன்னது, இன்னபடி, இன்ன நாளில் நடக்கவேண்டும்' என்று விதிக்கிறான். இரக்கமும் விதியும் ஒரே சொல்லில் எப்படிக் குடித்தனம் செய்கின்றன?

கோயில்களில் இதற்கு விடை இருக்கிறது. உச்சிக்கால பூஜைக்கு ஒருவர், நந்தா விளக்குக்கு ஒருவர் என்று நிலமோ பணமோ எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். எழுதி வைத்தவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆனாலும் விளக்கு எரியவேண்டும். கொடுத்தவருடைய மனசு நாளைக்கே மாறலாம். அவர் பிள்ளைகளுக்கு அந்த மனசே இல்லாமல் போகலாம். இதை முன்கூட்டியே யோசித்து, நல்ல மனசு இருக்கும்போதே அதைக் கட்டிப் போட்டுவிடுகிற ஏற்பாடுதான் கட்டளை. மனித சுபாவத்தை இவ்வளவு நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள், நாவல் எழுதியிருந்தால் எங்களுக்கெல்லாம் பிழைப்பு போயிருக்கும்.

இதையெல்லாம் நான் யோசிக்கும்படி நேர்ந்ததற்குக் காரணம் நான் குடியிருக்கும் ஊர். கோவிலம்பாக்கம் என்றால் சென்னைவாசிகளில் பாதிப் பேர், "மேடவாக்கம் போகிற வழியா?" என்பார்கள். மீதிப் பேர், "மடிப்பாக்கத்துக்கு அப்புறமா?" என்பார்கள். இரண்டும் சரிதான். பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தில் கிராம ஊராட்சியாக இருந்துகொண்டே, மாடிக்கு மேல் மாடி கட்டிக்கொண்ட ஊர் இது. வாடகை பட்டணத்து வாடகை. மழை பெய்தால் சேறு மட்டும் கிராமத்துச் சேறு.

இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் ஏரிகளின் தயவில் பிறந்தவை. ஓர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். கீழ்க்கட்டளை ஏரி வழிந்தால் நாராயணபுரம் ஏரிக்கு. அதுவும் வழிந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். தண்ணீருக்கு இந்த வழி மனப்பாடம். நாம்தான் நடுவில் வீடு கட்டிவிட்டு, வழி தவறி வந்தது தண்ணீர் என்கிறோம்.

2015-ம் வருஷம் டிசம்பர் மாதம், அந்தத் தண்ணீர் என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. புத்தக அலமாரியின் கீழ்த் தட்டு முழுகிப்போயிற்று. அந்தத் தட்டில் இருந்தவை பெரும்பாலும் என் சொந்த நாவல்கள். "இலக்கியத்துக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை" என்று என் மனைவி ஆறுதல் சொன்னாள்.

ஏரிகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். பக்கத்து ஊரான கீழ்க்கட்டளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அருண் கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர் கூகிள் கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு, தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு ஏரி குளங்களைச் சுத்தம் செய்யப் புறப்பட்டார். 2012-ல் ரோலக்ஸ் நிறுவனம் இளைஞர்களுக்குத் தரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. கீழ்க்கட்டளை ஏரியைச் சீர்படுத்துவதுதான் அவர் முன்வைத்திருந்த திட்டம். ஜெனீவாவில் கைக்கடிகாரம் செய்து விற்ற பணம் கீழ்க்கட்டளை ஏரிச் சேற்றில் இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. காலத்தை அளக்கிறவர்களுக்குத்தான், ஏரிகளுக்குக் காலம் குறைந்துகொண்டு வருவதும் தெரிந்திருக்கிறது.

எங்கள் தெருப் பக்கத்திலும் ஓர் ஏரி உண்டு. அதற்கும் ஒரு சிறு சங்கம் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர், குடும்ப ஸ்திரீகள் சிலர், காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர். முறைப்படி பதிவு செய்த சங்கம்தான். அதன் காரியதரிசியான பெரியவர் ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கற்றைக் காகிதம்.

"சார், ஒரு கம்பெனியில் உதவி கேட்டு மனுப் போடவேண்டும். நீங்கள் கதை எழுதுகிறவர்கள். படித்தால் மனசு இளகும்படி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தீர்களானால்…"

"எவ்வளவு கேட்கப் போகிறீர்கள்?"

"மாசம் 12,000 ரூபாய். ஓர் ஆள் சம்பளம்."

"அவ்வளவுதானா?"

"அதுதான் சார், கிடைக்கமாட்டேன் என்கிறது!"

பிறகு விவரமாகச் சொன்னார். ஏரியில் மண்ணை அள்ள இயந்திரம் கேட்டால் கிடைக்கிறதாம். ஐந்நூறு மரக்கன்று கேட்டால் ஆயிரமாகவே கிடைக்கிறதாம். கரையில் சிமெண்டு பெஞ்சு போட, ஒருவருக்கு இருவராகப் போட்டி போடுகிறார்களாம். பெஞ்சின் முதுகில் பெயர் எழுதலாம் அல்லவா? "செடி நட இருபது பேர் காரில் வருகிறார்கள் சார். தண்ணீர் ஊற்ற ஒருத்தர் வேண்டுமே! அந்த ஒருத்தருக்குச் சம்பளம் என்றால், 'அது நிர்வாகச் செலவு, எங்கள் விதியில் இடம் இல்லை' என்கிறார்கள்."

அந்த ஒருத்தரை எனக்கும் தெரியும். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். வரத்துக் கால்வாய் ஏரிக்குள் நுழைகிற இடத்தில் தினமும் காலையில் இறங்கி, பிளாஸ்டிக் பைகளையும் தெர்மாகோல் துண்டுகளையும் வாரிக் கரையில் போடுவாள். இரவோடு இரவாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்ட லாரி வந்தால், முதலில் போன் செய்கிறவளும் அவள்தான். "இந்த ஏரித் தண்ணியிலதான் ஐயா நான் நடவு நட்டேன். இப்ப நான் நட்ட எடத்துல நீங்க குடியிருக்கீங்க" என்று என்னிடம் ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னாள். எந்த இடம் என்று கேட்டேன். என் வீட்டுக்கு நேர் பின்னால் கையைக் காட்டினாள்.

மனுவை எழுத உட்கார்ந்தேன். பாரத்தில் வரிசையாகக் கேள்விகள். 'பயனாளிகள் எத்தனை பேர்?' ஒரு ஸ்திரீ கால்வாய் முகத்தில் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்கிறாள். அதனால் பயன் அடைகிறவர் யார், எத்தனை பேர்? வராமற் போன வெள்ளத்தில் நனையாமற் போன வீடுகளை எண்ணுவது எப்படி? அடுத்த கேள்வி: 'திட்டம் எந்தத் தேதியில் முடிவடையும்?' மழைக்காலம் எந்தத் தேதியில் முடிவடையும் என்று கேட்டிருந்தால்கூடப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். மழை இனி வராது என்ற தேதியை யார் சொல்லமுடியும்? ஏரியைக் காவல் காப்பதற்கு முடிவு தேதி கிடையாது.

கற்பனை எனக்குத் தொழில்தான். அந்தப் பாரத்துக்கு முன்னால் அது பலிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.

இந்தச் சங்கடம் நம் முன்னோர்களுக்கு ஏற்படவில்லை. இங்கிருந்து தெற்கே, காஞ்சீபுரம் ஜில்லாவில் உத்திரமேரூர் இருக்கிறது. அந்த ஊர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. 919, 921-ம் வருஷத்தவை. குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த ஓலையில் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதைத்தான் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். ஏரிக்கென்றே ஆறு பேர். ஒரு வருஷப் பதவி. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மறுபடி நிற்கக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக்கூடாது. சொந்த நிலமும் மனையும் இல்லாதவர்களுக்கும், வேதம் படிக்காதவர்களுக்கும் அதில் இடம் கிடையாது. எங்கள் கால்வாயில் இறங்குகிற அம்மாளை அந்தச் சபையில் சேர்த்திருக்கமாட்டார்கள். ஆகையால் அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் கணக்கு விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

அந்தக் காலத்துத் தர்மவான்கள் ஏரிக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பது இன்னும் சுவாரசியமானது. சிலர் நிலம் கொடுத்தார்கள். அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர். சிலர் பொன்னை ஊர்ச் சபையாரிடம் ஒப்படைத்தார்கள். முதலைத் தொடக்கூடாது; அதிலிருந்து வருகிற பலிசையைக் கொண்டு, அதாவது வட்டியைக் கொண்டு, வருஷாவருஷம் ஏரியைத் தூர் வாரவேண்டும். மதகைத் திறந்து அடைத்துத் தண்ணீர் பங்கிட ஓர் ஆள் உண்டு. நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. அவருக்கு அறுவடையில் ஒரு பங்கு நெல். கரையைச் செப்பனிட ஊரார் தாங்களே வந்து மண் சுமப்பார்கள், அதுதான் குடிமராமத்து. இந்தப் பழக்கம் நலிந்த பிறகு, 1858-ல் சென்னை ராஜதானி சர்க்கார், ஊரார் வந்து வேலை செய்யவேண்டும் என்று கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. சட்டம் போட்டு ஆளைக் கரைக்கு இழுத்து வரலாம். கரை என்னுடையது என்ற எண்ணத்தை இழுத்து வர முடியுமா?

பணம் வெளியிலிருந்து வந்தாலும் அந்த எண்ணம் உள்ளூரில் வளரக்கூடும் என்பதற்குத் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம் சாட்சி. 1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா காந்தி சிறைவாசத்திலேயே காலமானார். அவர் ஞாபகமாக 75 லட்சம் ரூபாய் நிதி திரட்டத் தலைவர்கள் தீர்மானித்தார்கள். அதற்கு மேலாகவே சேர்ந்தது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் செலவாகவேண்டும் என்பது காந்திஜி இட்ட கட்டளை. தமிழ்நாட்டில் அந்த நிதியின் வேலையை ஏற்றுக்கொண்டவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். என்று தமிழ்நாடே அறிந்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. இளம் வயதிலேயே கணவரை இழந்து, டில்லிக்குப் போய் வைத்தியம் படித்தவர். காந்திஜியின் ஆசியுடன் ஜி. ராமச்சந்திரனை மணந்தார். தம்பதிகள் இருவரும் 1947-ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சின்னதாக ஆரம்பித்த வைத்திய உதவி, கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக் கழகம் ஆயிற்று. கதர், சித்த வைத்திய மருந்துகள் என்று அங்கேயே உற்பத்தியும் நடந்தது. வந்த நன்கொடையைத் தின்று தீர்க்காமல், அதைக்கொண்டு வேலையும் படிப்பும் தருகிற ஸ்தாபனங்களை உண்டாக்கிவிட்டார்கள். கொடுத்தவர்கள் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. பிரசவ வார்டில் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மதுரையில் 'தானம்' என்ற அறக்கட்டளை 1997 முதல் நடந்துவருகிறது. 'களஞ்சியம்' என்று பெயரிட்டு, ஏழைப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேமிக்கும் குழுக்களை அமைத்தவர்கள் இவர்கள். கண்மாய்களைச் சீர்படுத்த 'வயலகம்' என்ற பெயரில் விவசாயிகளின் சங்கங்களையும் அமைத்தார்கள். பெரிய அறநிலையங்கள் பணம் தரத் தயாராக இருந்தாலும், ஊராரும் ரொக்கமாகவோ உழைப்பாகவோ ஒரு பங்கு போடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஏழை விவசாயியிடம் பங்கு கேட்கலாமா என்று தோன்றும். என் பாட்டி காலத்தில் வீடுதோறும் பிடி அரிசிக் கலயம் இருந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போடுவார்கள். ஏழை வீட்டிலும் போடுவார்கள். போட்டவளுக்கு, அந்த அரிசி எங்கே போயிற்று என்று கேட்க உரிமை உண்டு. பங்கு போடாதவன் கேள்வி கேட்கக் கூச்சப்படுவான். கேள்வி கேட்க ஆள் இல்லாத தருமம் இரண்டாம் வருஷத்தைப் பார்ப்பதில்லை.

இன்றைக்குக் கொடைக்குப் பஞ்சம் என்று சொல்லமாட்டேன். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ வியாபாரமோ லாபமோ உள்ள கம்பெனிகள், மூன்று வருஷ சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தருமத்தையே சட்டமாக்கிய தேசம் நம்முடையது. தாங்கள் தொழில் நடத்தும் இடத்துக்கு அக்கம்பக்கத்தில் முதலில் செய்யவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கம்பெனிகளுக்கு எங்கள் ஏரிகள் கண்ணில் படுகின்றன. கம்பெனியே இல்லாத தூரத்துக் கிராமத்து ஏரி யார் கண்ணில் படும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

வெளிநாட்டுப் பணத்துக்கு வேறு சட்டம். 2020-ல் அதைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஐம்பது வரை போகலாம் என்று இருந்ததை இருபதாகக் குறைத்தார்கள். வெளிநாட்டு நன்கொடை பெற்ற ஒரு ஸ்தாபனம் அதை இன்னொரு ஸ்தாபனத்துக்குக் கைமாற்றவும் கூடாது என்றார்கள். கணக்கில்லாமல் தின்றவர்களும் உலகத்தில் உண்டு. ஆகவே கண்டிப்பு வேண்டியதுதான். ஆனால் பட்டணத்துப் பெரிய ஸ்தாபனத்தின் வழியாகத்தான் மூலையில் இருக்கும் சின்னச் சங்கத்துக்கு ஏதோ கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. மேல் ஏரியின் கலங்கலை அடைத்துவிட்டால் கீழ் ஏரிக்குத் தண்ணீர் ஏது? உத்திரமேரூர்க்காரர்கள் தப்புச் செய்தவனைத் தேர்தலிலிருந்து விலக்கினார்கள். நீர்க்கட்டியின் நெல்லில் கை வைக்கவில்லை.

சம்பளம் என்றால் ஏன் நமக்கு இவ்வளவு கசப்பு? பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் தொடங்கிய கேர் எர்த் என்ற சென்னை அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் அந்தச் சதுப்பு நிலத்தில் அலைந்து, பறவை எத்தனை, மீன் எத்தனை, புல் பூண்டு எத்தனை என்று பொறுமையாகக் கணக்கெடுத்தார்கள். எண்ணிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்? ஆனால் அப்படி எண்ணி வைத்த கணக்கெல்லாம், காப்பாற்றவேண்டிய இடம் இது என்று வாதாட உதவிற்று. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக் காடாயிற்று. 2022-ல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில், உலகப் பிரசித்தமான ஈர நிலங்களின் வரிசையில், சேர்ந்தது. எண்ணியவர்களும் சாப்பிட்டுத்தானே எண்ணியிருக்க வேண்டும்?

எங்கள் மனுவுக்குப் பதில் வந்தது. அந்தக் கம்பெனியார் 300 மரக்கன்றுகளும், ஒரு பெயர்ப் பலகையும் மனமுவந்து அளித்தார்கள். சம்பளம் இல்லை. பெரியவர் நன்றிக் கடிதம் எழுதிவிட்டு, தெருவாரைக் கூட்டினார்.

"கோயில் உற்சவத்துக்கு முதல் நாள் ஒருவர் உபயம், இரண்டாம் நாள் ஒருவர் உபயம் என்று ஏற்றுக்கொள்கிறீர்கள். ஏரிக்கும் அப்படிச் செய்தால் என்ன? மாசம் முப்பது நாள். ஒரு நாளைக்கு 400 ரூபாய். உங்களுக்கு எந்தத் தேதி வேண்டும்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஜனங்கள் சிரிக்கவில்லை. தாயார் காலமான தேதி, பேரன் பிறந்த தேதி என்று ஒவ்வொருவராக எழுந்து பெயர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு என் மனைவி 17-ம் தேதியைக் கேட்டு வாங்கினாள். எங்கள் கல்யாணத் தேதி. "80-ஜி ரசீது உண்டா?" என்று கேட்டவரும் ஒருவர் இருந்தார். அன்று இரவுக்குள் இருபத்திரண்டு நாட்களுக்கு உபயதாரர்கள் கிடைத்தார்கள். எட்டு நாள் மிச்சம்.

அந்த எட்டு நாளுக்குத்தான் வெளியிலிருந்து தருமம் வந்தது. ஒரு குடும்ப அறக்கட்டளையார். பெயர் வெளியிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டு நாள் என்றால் வருஷத்துக்கு 38,400 ரூபாய். ஐந்தரை லட்சத்தை நூற்றுக்கு ஏழு வட்டியில் போட்டால் சரியாகப் போகும் என்று அவர்களே கணக்குப் போட்டு, முதலைச் சங்கத்தின் பெயரில் பாங்கியில் வைத்தார்கள். நிபந்தனை மூன்று. முதலைத் தொடக்கூடாது. தெருவாரின் இருபத்திரண்டு நாள் குறைந்துபோனால் வட்டி நின்றுவிடும். மாசம் பிறந்ததும் வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கவேண்டும். டீக்கடைக்காரர் தமது சுவரில் ஒரு கரும்பலகைக்கு இடம் கொடுத்தார். இப்போது கோவிலம்பாக்கத்தில் டீ சாப்பிட வருகிறவர்களெல்லாம் தணிக்கை அதிகாரிகள்.

ஏற்பாடு எல்லாம் முடிந்த பிறகு பெரியவர் அந்த அம்மாளிடம் போய் விவரம் சொன்னார். நானும் கூட இருந்தேன். அவள் கால்வாயில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். முகம் மலர்ந்தது. பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "முப்பது நாளுக்கும் ஆள் இருக்காங்க, சரி ஐயா. நான் ஜொரத்துல படுத்துட்டா அன்னிக்கு வாய்க்காலை யார் பாப்பாங்க?" என்று கேட்டாள்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாக அதை எழுதிக்கொண்டிருக்கிறார்.